கோடிங் நாங்க, டாகுமெண்டேஷன் நீங்க

இறுதியாண்டு புராஜெக்ட் நேரத்தில் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் போய் உட்காருங்கள். நாலு பேர் கொண்ட குழு. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். யார் எதைச் செய்வது என்ற பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "கோடிங் நாங்க பாத்துக்கறோம், டாகுமெண்டேஷன் நீங்க பாத்துக்கங்க." இதையே ஆசிரியர் சொன்னால் கடைசியில் ஓர் "அம்மா" சேரும். முன்பு ரெக்கார்டு நோட்டு இருந்த காலத்தில், பொம்பளப் புள்ளைங்க கையெழுத்து அழகா இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். இப்போது எல்லாம் தட்டச்சு. எல்லோருடைய கையெழுத்தும் டைம்ஸ் நியூ ரோமன்தான். காரணம் போய்விட்டது, ஏற்பாடு மட்டும் போகவில்லை.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியாக நானும் இருந்தேன். பிறகு கட்டற்ற மென்பொருள் பக்கம் வந்தேன். சுதந்திரம், பகிர்தல், கூட்டுழைப்பு என்று பேசுகிற இடம் ஆயிற்றே, இங்கேயாவது வேறு மாதிரி இருக்கும் என்று நம்பினேன். முதல் நாளே வரவேற்பு கிடைத்தது: "புதுசா வர்ற பெண்கள் டாகுமெண்டேஷன்ல இருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் ஈஸி."

கணினித் துறைக்கு வெளியே இருக்கும் தோழிகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. யாரோ எழுதி வைத்த தொகுப்பை எடுத்துப் பயன்படுத்துவார்கள். அதற்கு லைப்ரரி என்று பெயர். திறந்த மூல லைப்ரரி என்றால் யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது, எதை எப்படி அழைப்பது, என்ன கொடுத்தால் என்ன திரும்பி வரும், எங்கே உதைக்கும் என்று யாராவது எழுதி வைத்தால்தான் அந்தத் 'திறந்த' என்ற சொல்லுக்கு அர்த்தம். நம் ஊர்ப் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூட்சுமம் வைத்த பூட்டை வாங்கிப் போகிறவரிடம் சாவியை மட்டும் கொடுத்தனுப்பினால் போதாது. எங்கே அழுத்தி எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டியும் கொடுக்க வேண்டும். காட்டிக் கொடுக்காத பூட்டு, விற்றவருக்கு மட்டுமே பூட்டு. வாங்கியவருக்கு அது வெறும் இரும்பு.

தமிழுக்கென்றே ஒரு திறந்த மூல லைப்ரரி உண்டு. ஓப்பன்-தமிழ் என்று பெயர். பைத்தான் மொழியில் தமிழ் எழுத்துகளைக் கையாள்வதற்காக முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கியது. அது ஏன் தேவை என்றால், வெறும் பைத்தானிடம் "திண்டுக்கல்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். 11 என்று சொல்லும். தி, ண், டு, க், க, ல் என்று ஆறே எழுத்துதான் என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும். யூனிகோடில் புள்ளியும், இகர உகரக் குறிகளும் தனித்தனியாக இடம் பிடிக்கின்றன. அதனால் வந்த கணக்கு அது. ஓப்பன்-தமிழில் எழுத்துகளைச் சரியாகப் பிரித்து 6 என்று தருவதற்கு ஒரு கருவி இருக்கிறது. அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாதவள் என்ன செய்வாள்? 11 ஐ வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவாள். அல்லது தமிழுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள்.

இதைவிடப் பொல்லாதது "கோமதி". அந்த ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஏகாரக் குறி, பிறகு கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கோமதி. கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். ஒரு மகளிர் குழுவின் உறுப்பினர் பட்டியலில் ஒரு விதமாகவும், சேமிப்புக் கணக்கில் இன்னொரு விதமாகவும் பெயர் ஏறியிருந்தால், தேடும்போது அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று திரை சொல்லும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரியை எழுதுவது பெரிய சாமர்த்தியம் இல்லை. அது தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் சாமர்த்தியம். அதைச் செய்கிறவர்களுக்குத்தான் "ஈஸி" என்று பட்டம்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். நானும் ஒரு தோழியும் சேர்ந்து தமிழ் எழுத்து தொடர்பான ஒரு லைப்ரரிக்குப் பயனர் கையேடு எழுதினோம். மேலே சொன்ன லைப்ரரி அல்ல; பெயரும் இங்கே தேவையில்லை. தோழி வேடசந்தூர்ப் பக்கம். அம்மா நூற்பாலையில் வேலை பார்த்தவர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். எனக்கு வராத ஒன்று அவளுக்கு வந்தது. புதிதாக வருகிறவருக்கு எது தெரியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பழைய கையேட்டின் முதல் பக்கத்தில் "எளிதாக நிறுவிக்கொள்ளலாம்" என்று போட்டு, ஒரு கட்டளையைக் கொடுத்திருந்தார்கள். அவள் அதைப் படித்ததும் சிரித்தாள். "அக்கா, எங்க லேப்ல இத அடிச்சா அனுமதி இல்லைன்னு வரும். அட்மின் பாஸ்வேர்டு சார்கிட்ட இருக்கும். சார் லீவுல இருப்பாரு." அட்மின் அனுமதி இல்லாமலேயே தன் கணக்குக்குள் மட்டும் நிறுவிக்கொள்ள வழி இருக்கிறது. அதை அவர்கள் எழுதவில்லை. எழுதியவர்களுக்குச் சொந்த லேப்டாப் இருந்தது, அவ்வளவுதான். அந்த "எளிதாக" என்ற சொல்லை முதல் வேலையாக எடுத்தோம். எளிதாக, வெறுமனே, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்: கையேட்டில் இந்தச் சொற்கள் வரும் இடமெல்லாம் யாரோ ஒருத்தியை வாசலிலேயே நிறுத்திவைக்கும் இடம். அவளுக்குத் தன் மேல்தான் சந்தேகம் வரும், லைப்ரரி மேல் வராது.

மூன்றாவது வாரம் அவள் ஒரு கேள்வியோடு வந்தாள். "அக்கா, இவங்க 'ஸ்ரீ'ய ஒரு எழுத்தா எண்ணுறாங்க, 'க்ஷ'வ ரெண்டா எண்ணுறாங்க. நான் என்னன்னு எழுதுறது?"

நிரலை எழுதியவர்கள் ஒருவரும் இதைக் கவனித்திருக்கவில்லை. கவனிக்கத் தேவையும் வரவில்லை. நிரல் ஓடியது, சோதனைகள் பச்சை காட்டின. ஆனால் "இந்தக் கருவி ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று சொல்லும்" என்று ஒரு வாக்கியம் எழுத உட்காரும்போதுதான், எழுத்து என்று எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி வருகிறது. போதாக்குறைக்கு இணையத்தில் புழங்கும் "ஸ்ரீ"யும் ஒன்று அல்ல. பழகிய ஸகரத்தில் தொடங்குவது ஒன்று. 2005 இல் யூனிகோடில் தமிழுக்குச் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும். லைப்ரரிக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. அவள் இதையெல்லாம் எடுத்துக்காட்டுகளோடு எழுதி, எப்படி மாற்றலாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

பதில் வந்தது: "டாகுமெண்டேஷன் டீம், கோடு எப்படி இருக்கோ அப்படியே எழுதினா போதும்."

மூன்று மாதம் கழித்து ஒரு பையன் அதே இரண்டு பிழைகளையும் திருத்தினான். அடுத்த வெளியீட்டின் குறிப்பில் அவன் பெயர் முதலில் இருந்தது, பாராட்டுகளுடன். தப்பில்லை, வேலை செய்தான். எங்கள் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் "மற்றும் ஆவணக் குழுவினர்" என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் "மற்றும் உற்றார் உறவினர்" என்று அடிப்பார்களே, அது மாதிரி.

இது ஒரு குழுவின் அல்பத்தனம் என்று விட்டுவிடலாம்தான். விடமுடியாதபடி இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அடா லவ்லேஸ் 1843 இல் வெளியிட்டது என்ன? பாபேஜின் பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி மெனாப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையின் மொழிபெயர்ப்பும், அதற்குத் தன் குறிப்புகளும். குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பெயரில்லை, முதலெழுத்துகள் மட்டும். அந்தப் பொறி கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆனால் அதை வைத்து என்ன செய்ய முடியும் என்று உலகத்துக்கு எழுதிக் காட்டியது அந்தக் குறிப்புகள்தான். இல்லாத இயந்திரத்துக்கு ஒரு பெண் எழுதிய கையேடு! 1946 க்கு வாருங்கள். எனியாக் கணினியின் தொழில்நுட்ப விளக்க நூலை எழுதியவர் அடெல் கோல்ட்ஸ்டைன். ஹார்வர்டு மார்க் 1 இயந்திரத்தின் ஐந்நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட செயல்முறைக் கையேட்டில் பெரும்பங்கு கிரேஸ் ஹாப்பருடையது. வெளியானது ஆய்வகத்தின் பெயரில். எனியாக்குக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களுக்குக் கையேடு என்று எதுவுமே தரப்படவில்லை. சுற்று வரைபடங்களைக் கையில் கொடுத்தார்கள், அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். 1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டிவிட்டு நடத்திய விருந்துக்கு அந்த ஆறு பேருக்கும் அழைப்பில்லை.

பழங்கதை என்பீர்கள். 2020 செப்டம்பரில் நேச்சர் இதழில் நம்பை பற்றிய கட்டுரை வந்தது. அறிவியல் கணக்கீட்டுக்கு உலகமே பயன்படுத்தும் திறந்த மூல பைத்தான் லைப்ரரி அது. கட்டுரை ஆசிரியர்கள் 26 பேர். 26 பேரும் ஆண்கள். பலரும் கேள்வி கேட்ட பிறகு, பன்மைத்துவம் குறித்து நம்பை குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே 2020 இல்தான் நம்பையின் கையேட்டை அடியோடு சீரமைக்கும் திட்டம் எழுதப்பட்டது. எழுதிய மூவரில் ஒருவர் மெலிசா மென்டோன்சா, பிரேசிலைச் சேர்ந்த கணிதவியலாளர். கையேடு என்று வரும்போது பெண்களின் பெயர் தெரிகிறது. நேச்சர் கட்டுரை என்று வரும்போது தெரிவதில்லை. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கிட்ஹப் நிறுவனம் 2017 இல் திறந்த மூலப் பங்களிப்பாளர்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தியது. குறையுள்ள, காலாவதியான டாகுமெண்டேஷன் ஒரு பிரச்சினை என்று சொன்னவர்கள் 93 சதவீதம். அதே ஆய்வில், டாகுமெண்டேஷனில் அபூர்வமாகவே கைவைக்கிறோம் அல்லது கைவைப்பதே இல்லை என்றவர்கள் 60 சதவீதம். பதில் சொன்னவர்களில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம் பெண்கள். சாப்பாட்டில் உப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுப்படிப் பக்கம் யாரும் போவதில்லை. நமக்கு ரொம்பப் பழகிய காட்சி.

இந்த இடத்தில் நம் பெண்ணியத் தோழிகளோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. "டாகுமெண்டேஷன் செய்யாதீங்க, அது உங்களை ஓரங்கட்டுற வேலை, நேரா கோடிங் போங்க" என்று பயிற்சி முகாம்களில் பெண்களுக்குச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த அறிவுரைக்குள் ஆண்களின் தரவரிசை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கோடிங் மேலே, எழுத்து கீழே. அதை நாமும் ஏற்றுக்கொண்டு, கீழிருந்து மேலே தாவச் சொல்கிறோம். நாம் காலி செய்த இடத்துக்கு இன்னும் புதிதாக வரும் இன்னொரு பெண்ணைத்தான் உட்காரவைப்பார்கள். சமையலறையை விட்டு நான் வெளியே வந்துவிட்டேன், இப்போது சமைப்பது வேலைக்கு வரும் அக்கா என்பதைப் போன்ற விடுதலை அது.

தமிழில் கணினி எழுத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2012 இல் தொடங்கிய கணியம் இதழ் வழியாகக் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதியவர்களில் து. நித்யா முக்கியமானவர். மைஎஸ்க்யூஎல், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், மெஷின் லேர்னிங் என்று ஒவ்வொன்றுக்கும் 'எளிய தமிழில்' புத்தகம் எழுதி, யாரும் பகிரலாம் என்ற உரிமத்தில் இலவசமாகக் கொடுத்தார். அந்த 'எளிய' என்பது வாசிப்பவருக்கு. எழுதியவருக்கு அது எளியது என்று எடுத்துக்கொள்கிற ஒரு மந்தபுத்தி நம்மிடம் இருக்கிறது. டேட்டாபேஸ் தெரியாமல், அதை எளிமையாக எழுத முடியாது. அரைகுறையாகத் தெரிந்தவர்தான் ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

ஆக, வேலையை விட்டு ஓடுவது என் கட்சி இல்லை. வேலைக்குரிய அதிகாரத்தைக் கேட்பதுதான். இதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் பெயரிலேயே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 2021 ஜனவரியில் இங்குள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கையெழுத்தாக்கியது. ஓர் உயிர் போன இடத்தையும் கணினி முன்னால் உட்கார்ந்து பட்ட அவமதிப்பையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. அந்தப் பெண்கள் கேட்டது என்ன என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். தையல் மெஷினை விட்டு வேறு நல்ல வேலைக்குப் போங்கள் என்ற அறிவுரையை அவர்கள் கேட்கவில்லை. தையல் தளத்திலேயே, தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்களாக இருக்க வேண்டும், நிர்வாகம் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள்.

எழுதி வாங்குவது என்றால் லைப்ரரி விஷயத்தில் என்ன? பக்கம் எழுத முடியாத எந்தக் கருவியும் வெளியீட்டில் சேரக்கூடாது. ஒரு கருவி என்ன செய்யும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் பிழை வாக்கியத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் உரிமை, அதாவது மெர்ஜ் உரிமை, கையேடு எழுதுகிறவரிடமும் இருக்க வேண்டும். லைப்ரரியைப் பற்றிக் கட்டுரை வந்தால், விருது வந்தால், ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். "மற்றும்" என்ற சொல்லுக்கு முன்னால். பணம் வந்தால் பங்கும். பணமா என்று முகம் சுளிக்க வேண்டாம். கையேடு எழுதுவதற்கென்றே சம்பளம் கொடுக்க முடியும் என்று கூகுள் 2019 முதல் நடத்திய சீசன் ஆஃப் டாக்ஸ் காட்டியது. அவுட்ரீச்சி பயிற்சித் திட்டத்திலும் டாகுமெண்டேஷன் வேலைக்கு உதவித்தொகை உண்டு. அந்தத் திட்டத்தின் வேர் 2006 இல் இருக்கிறது: நோம் மென்பொருள் குழுவின் கோடைக்காலத் திட்டத்துக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒரு பெண்கூட இல்லை என்று கண்டபோது, பெண்களுக்கென்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

"எல்லாரும் தன்னார்வலர்கள்தானே, யாருக்கும் சம்பளம் இல்லையே" என்ற பதில் உடனே வரும். தன்னார்வம் செய்ய மனம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 2019 இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97. அந்த இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். பையன்கள் இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து கமிட் போடுகிறார்கள். எங்கள் பெண்களுக்கு ஹாஸ்டல் என்றால் பொழுது சாய்ந்ததும் கதவடைப்பு. வீடு என்றால் பாத்திரம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் திறந்த மூலம் கட்டப்படுகிறது. கட்டிவிட்டு, பெண்கள் ஏன் வருவதில்லை என்று மாநாட்டில் ஓர் அமர்வும் வைக்கிறார்கள்.

தோழியும் நானும் இப்போது வேறொரு லைப்ரரியில் இருக்கிறோம். சேர்வதற்கு முன்னால் மேலே சொன்ன நிபந்தனைகளை எழுதி அனுப்பினோம். அவர்கள் இரண்டு வாரம் யோசித்தார்கள். "கையேடு எழுதுறவங்களுக்கு எதுக்கு மெர்ஜ் உரிமை" என்று ஒருவர் கேட்டார், இன்னொருவர் அவருக்குப் பதில் சொன்னார், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். உரிமை கைக்கு வந்த முதல் வாரமே அவள் ஒரு புல் ரிக்வெஸ்டை நிறுத்தி வைத்தாள். 'உரையைச் சரிசெய்' என்ற பெயரில் ஒரு கருவி, நானூறு வரி நிரல், அனுப்பியவர் அனுபவசாலி. அவள் கீழே எழுதியது இவ்வளவுதான்: "இதுக்குப் பக்கம் எழுத முயற்சி பண்ணேன், முடியல. எதைச் சரிசெய்யும், எதைத் தொடாதுன்னு ஒரு வாக்கியத்துல சொல்லுங்கண்ணா. அப்புறம் சேர்த்துடறேன்."

அண்ணன் இன்னும் பதில் எழுதவில்லை.